வீரர் வீடுபேற்று விளக்கும் திருவயிரைக் கல்வெட்டும்

பழனிமலைத் தொடரின் மேற்பகுதியில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றிற்கு வடக்கே மலை சரிந்து இறங்குமிடத்து அமராவதியாற்றுப் படுகையை நோக்கிச் சமவெளி விரிகின்றது. அச்சமவெளியில், பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில், பாப்பம்பட்டிக்கு அணித்தாகத் தனித்து நிற்கும் குன்று ஐவர்மலை எனப்படும். மேல்மலைப் பூம்பாறையில் கோயில் கொண்ட முருகனுக்குக் குழந்தை வேலப்பர் என்பது பெயர். ஐவர்மலை முருகனுக்கும் அதுவே பெயர். மலைமேல் வாழ்வாரும் அடிவாரத்து வாழ்வாரும் வழிபாட்டால் தொடர்புடையோர் என்று கருத இப்பெயரொற்றுமை இடந்தருகின்றது. ஐவர் என்பார் பாண்டவர் என்று அப்பகுதி மக்கள் கூறுவர். திரௌபதிக்கும் அங்குக் கோயில் உண்டு. ஆடி அமாவாசையன்று மக்கள் அக்குன்றிற் பெருந்திரளாகக் கூடி முன்னோர்க்குரிய கடன்களைச் செய்வர்.

ஆயின் அக்குன்றின் பழம்பெயர் ஐவர்மலை அன்று. அங்குள்ள கல்வெட்டு அதனைத் 'திருவயிரை' என்கின்றது. சேரரோடு தொடர்புறுத்திப் பதிற்றுப்பத்துக் கூறும் அயிரைமலை இதுவே எனக் கருதும் அறிஞரும் உளர். அயிரை என்னும் சொல்லின் பொருள் மறைந்த காலத்தில் அஃது ஐவர் எனத் திரிந்தது. திரிந்தபின் ஐவர்க்கு ஒரு கதை வேண்டியதாயிற்று. பழைய இடமொன்று புதிய மக்கட்கு உரியதாகும்போது முதலில் மாறுவது பெயரே என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

குன்றில் இயற்கையாய் அமைந்த பாறைக்குடைவின் முகப்பில், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் தொகை 16. தலைமேல் அரவின் படம் கவிந்த பார்சுவநாதர் உருவங்கள் அவற்றிடையே உள்ளன. பாண்டிநாட்டுக் குன்றுகள் பலவற்றிற் காணப்படும் அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் இங்கும் பொறிக்கப்பட்டுள்ளது. எல்லாவற்றினும் சிறந்தது சகம் 792, அஃதாவது கி.பி. 870, எனக் காலங்குறித்த கல்வெட்டாகும். அவ்வாண்டு வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் அது கூறுகின்றது. முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டும் சக ஆண்டும் சேர்ந்து வருதல் அரிது. இரண்டாம் வரகுணன் கி.பி. 862-இல் அல்லது 863-இல் அரியணை ஏறினான் என வரலாற்றறிஞர் துணிந்தது இக்கல்வெட்டைக் கொண்டேயாம். பாண்டியர் கால வரிசைக்கு ஒரு சமணத்துறவி நாட்டிய கல் அடிப்படையாய் நிற்கின்றது.

அரசர் வரலாற்றிற்கு இங்ஙனம் பயன்பட்ட கல்வெட்டு, அதனை நாட்டினோரின் வழிபாட்டு வரலாற்றிற்குப் போதிய அளவு பயன்படுத்தப் பெறவில்லை என்பது எம் கருத்து. அது கூறும் செய்தி சிறிது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், திருவயிரையிலிருந்த பார்சுவ படாரரையும் இயக்கி அவ்வைகளையும் புதுக்கினார். அவ்விருதிறத்தார்க்கும் முட்டாத அவிக்கும், அடிகள் ஒருவர்க்குச் சோற்றுக்குமாக 505 காணம் பொன் அமைத்தார். அவி உண்டு, சோறு உண்டு, விளக்கு இல்லை, திருநாளும் இல்லை. சமணரின் பெருவிழாக்களுள் ஒன்றாகிய வீரர் வீடுபேற்று விழாவை, அஃதாவது அமாவாசை விளக்கு விழாவை, ஆராயப் புகும் யாம், விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் கூறாத இக்கல்வெட்டிலிருந்து தொடங்குவது சிலர்க்கு வியப்பாகலாம். அதற்குரிய காரணம் போகப் போக விளங்கும்.

வீரர் என்றது இருபத்துநான்காம் தீர்த்தங்கரராகிய வருத்தமானரை. அவர் தம் 72-ஆம் அகவையில் பாவாபுரியில் வீடுபேறெய்தினார் என்பது சமணர் மரபு. வீரர் வீடெய்தி 605 ஆண்டும் 5 திங்களும் கழிந்தபின் சக மன்னன் தோன்றினான் என்று திகம்பர நூல்கள் கணக்கிடும். சகம் கி.பி. 78-இல் தொடங்குதலின் வீடுபேற்றாண்டு கி.மு. 527 ஆகின்றது. 1974-ஆம் ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பெற்ற 2500-ஆம் ஆண்டு நிறைவு விழா இக்கணக்கைத் தழுவியதே. அதே கணக்கின்படி சாந்திவீரக் குரவர் திருவயிரைப் படிமங்களைப் புதுக்கியது வீரர் வீடெய்திய 1397-ஆம் ஆண்டளவில் என்க. சக ஆண்டைக் கல்லிற் பொறித்த துறவி இதனை உணர்ந்திருப்பார் எனக் கொள்ளுதல் மிகையாகாது.

தீர்த்தங்கரர் ஒவ்வொருவர்க்கும் ஐந்து நிகழ்ச்சிகள் மங்கலம் எனப்படும்: கருவில் அமர்தல், பிறத்தல், துறத்தல், முழுதுணர்தல், வீடெய்தல். இவற்றுள் முதல் நான்கனையும் விழவாகக் கொள்ளுதல் எச்சமயத்தார்க்கும் இயல்பாகத் தோன்றும். ஐந்தாவது அங்ஙனம் அன்று. வீடெய்திய உயிர் எட்டுவினையும் அற்று உலகின் உச்சியிற் சென்று நிற்பது, மீண்டு வாராதது, எவரது வேண்டுகோளையும் கேட்டு அருளாதது. விருப்பு வெறுப்பு என்னும் இரண்டும் அறுத்த நிலையே வீடாதலின், அருள் செய்தற்குரிய விருப்பமும் அதன்கண் இல்லை. ஆகவே வீடுபேற்று விழா என்பது இறைவன் வருகின்ற விழா அன்று. ஆசான் ஒருவர் இனி ஒருகாலும் வாராதபடி சென்றுவிட்ட நாளின் விழா. பிற சமயத்து விழாக்களிற் பழகிய நம் கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படுவதில்லை.

இவ்விழாவிற்கு அடிப்படையான செய்தி இரு மரபுகளிற் காணப்படும். சுவேதாம்பரர் போற்றும் கற்பசூத்திரம், மல்லர் ஒன்பதின்மரும் இலிச்சவியர் ஒன்பதின்மருமாகப் பதினெண் தலைவர்கள் அன்று நோன்பிருந்தனர் என்றும், அறிவொளி மறைந்தமையால் பொருளொளியையேனும் ஏற்றுவோம் என்று விளக்கிட்டனர் என்றும் கூறும். இதன்கண் ஒலிப்பது இழப்பின் குரல். ஆயின் தமிழ்நாட்டுச் சமணர் திகம்பரர். கற்பசூத்திரத்தை அவர்கள் முதனூலாகக் கொள்வதில்லை. தமிழ்நாட்டு விளக்கிற்கு அந்நூலைச் சான்று காட்டுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். திகம்பரர்க்குரிய தெளிவான பழஞ்சான்று, புன்னாட சங்கத்து சினசேனர் சகம் 705-இல் (கி.பி. 783) இயற்றி முடித்த அரிவம்ச புராணம். தேவர்கள் ஏற்றிய விளக்குகளாற் பாவாநகர் எங்கும் ஒளிர்ந்தது என்றும், அதுமுதல் பரதகண்டத்து மக்கள் ஆண்டுதோறும் 'தீபாலிகை' எனப்படும் நாளில் சினேந்திரரை வழிபடுகின்றனர் என்றும் அந்நூல் கூறுகின்றது. இங்கு ஒலிப்பது களிப்பின் குரல். முன்னையதில் மனிதர் இரங்கி ஏற்றிய விளக்குப் பின்னையதில் தேவர் மகிழ்ந்து ஏற்றிய விளக்காயிற்று. திகம்பரர், வீரர் வீடெய்திய அந்நாளிலேயே அவருடைய முதன்மாணாக்கராகிய கௌதம கணதரர் முழுதுணர்வு எய்தினார் என்றும் கொள்வர். காலையில் ஒரு சுடர் மறைய, அந்நாள் கழியுமுன் மற்றொரு சுடர் எழுந்தது. இழப்பும் ஆக்கமும் ஒரு நாளில் அமைந்தமையின் இவ்விழாவின் சுவை இன்னதென வரையறுத்தல் அரிது. வரையறுக்க முயலாமையே நன்று.

இனி, தமிழறிஞரிடையே நெடுங்காலமாக வழங்கும் கருத்தொன்றை ஆராய்வாம். தமிழர் கொண்டாடும் தீபாவளி சமணரிடமிருந்து பெறப்பட்டதென்றும், சமணர் பிற சமயங்களிற் கலந்தபோது அவ்விழாவும் உடன் கலந்ததென்றும், நரகாசுரன் கதை பின்னர்ப் பொருத்தப்பட்டதென்றும் அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி தம் 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் எழுதினார். அந்நூல் 1954-இல் வெளிவந்தது. சமணரின் பங்கை மறந்திருந்த தமிழ் வரலாற்றிற்கு அதனை நினைவூட்டிய பெருநூல் அஃது என்பதில் யாம் சிறிதும் ஐயுறவில்லை. நரகன் வதம் பாகவதத்தில் இருப்பினும் அங்கு விளக்கு விழாப் பேசப்படவில்லை என்பது அவர் கருத்துக்கு வலிமை தருவதே. எனினும் அக்கருத்து முழுவதும் நிற்குமா என்பதனை மூன்று வகையாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது நாட்கணக்கு. வடநூல்கள் வீரர் வீடுபேற்றைக் கார்த்திகைத் தேய்பிறையில் வைக்கும். இதனைக் கண்டு தமிழ்க் கார்த்திகை விளக்கீட்டோடு இணைத்துப் பேசுவார் உளர். அது பொருந்தாது. வடவருட் பலர் திங்களை நிறைமதியில் முடிப்பர்; ஆகவே அவர்க்குத் தேய்பிறை முன்னும் வளர்பிறை பின்னும் வரும். அவர் கார்த்திகைத் தேய்பிறை என்பது, அமாவாசையில் திங்களை முடிக்கும் தென்னவர்க்கு ஆசுவினத் தேய்பிறை. நம் ஞாயிற்றுக் கணக்கில் அவ்வமாவாசை ஐப்பசியில் விழுகின்றது. தமிழர் கார்த்திகை விளக்கோ நிறைமதியை ஒட்டிக் கார்த்திகை நாண்மீனில் ஏற்றப்படுவது. ஒன்று இருள்மதிக்கு உரியது. மற்றொன்று நிறைமதிக்கு உரியது. பெயரொற்றுமை ஒன்றே இவற்றை இணைக்கின்றது. தீபாவளியோடு ஒப்பிடினும் முழுப்பொருத்தம் இல்லை. தமிழர் எண்ணெய் முழுக்காடுவது சதுர்த்தசியின் விடியற்கு முன். திகம்பரர் வீடுபேற்றை வைப்பது சதுர்த்தசி இரவு கழிந்து அமாவாசை புலரும் வேளையில். பெரும்பான்மையும் ஒரு நாள் இடைவெளி உண்டு.

இரண்டாவது தமிழ்ச் சான்று. கார்த்திகை விளக்கைச் சங்கப் பாடல்களும் கீழ்க்கணக்கு நூல்களும் அறியும். சமணப் பெரும்புலவராகிய திருத்தக்கதேவரே தம் சீவகசிந்தாமணியில் குன்றின்மேல் ஏற்றப்படும் கார்த்திகை விளக்கை உவமையாக்குகின்றார். எல்லாரும் அறிந்ததொன்றனையே புலவர் உவமையாக ஆள்வர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரின் விழாக்களை வரிசையாக அடுக்குமிடத்து ஐப்பசிக்கு ஓணவிழாவையும், அதனையடுத்துக் கார்த்திகை விளக்கீட்டையும் கூறுகின்றார். ஐப்பசியில் விளக்கு விழா இல்லை. இதனை மறுத்துக் காட்ட வேறொரு மயிலைக்காரரே வரவேண்டியிருந்தது என்பது ஒரு சுவையான செய்தி. சம்பந்தர் சமணர் விழாவைக் கூறாமல் விட்டிருக்கலாம் என்று விடைகூறலாம். இன்மைச் சான்று வலியுடையதன்று என்பதனை யாமும் உடன்படுகிறோம். ஆயினும் தீபாவளி, கோயிற் கட்டளைகளில் தெளிவாக இடம்பெறக் காண்பது விசயநகரக் காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகளிலேதான். அக்காலத்தில் தமிழ்நாட்டுச் சமணம் பிற சமயங்கட்கு விழாக்களை வழங்கும் நிலையில் இல்லை. தமிழர் தீபாவளியின் உயிர்ப்பகுதி முழுக்கேயன்றி விளக்கன்று என்பதும் நோக்கத்தக்கது. விளக்கு வரிசை நம் இல்லங்களில் நிற்பது கார்த்திகையில்.

மூன்றாவது, சமணர்க்குப் புறத்தேயுள்ள சான்றுகள். அரிவம்ச புராணத்திற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அரசர் ஹர்ஷர் தம் நாகானந்த நாடகத்தில், அமாவாசைக்கு மறுநாளாகிய பிரதமையிற் கொண்டாடும் விளக்கு விழாவைக் குறிக்கின்றார்; அங்குப் புதுமணமக்கட்குப் பரிசளிக்கப்படுகின்றதேயன்றி வீரரைப் பற்றிய பேச்சு இல்லை. சமணராகிய சோமதேவரும் கி.பி. 959-இல் முடித்த யசசுதிலகத்தில் வெண்சுதை பூசிய மாடங்களும் சூதும் இன்னிசையும் நிறைந்த நகர விழாவாகத் தீபோற்சவத்தை வருணிக்கின்றார். இவற்றினும் இன்றியமையாதது வேறொன்று. வாத்சியாயனர் காமசூத்திரம் நகரமாந்தர் விழாக்களுள் 'யட்சராத்திரி' என ஒன்றைக் கூறும். அஃது எந்நாள் என்னும் வினாவுக்கு விடை, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சமணப் பேரறிஞராகிய ஏமசந்திரரிடமிருந்து கிடைக்கின்றது. அவர் தம் பிராகிருதச் சொற்றொகுதியாகிய தேசிநாமமாலையில், யட்சராத்திரி என்னும் சொல்லின் பாகத வடிவிற்குப் பொருள் தீபாலிகை என்கின்றார்.

இச்சான்றின் வலிமையைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். வீரர் வீடுபேற்று நாளுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று இயக்கர் இரவு என்பதனைச் சமணரே அறிந்திருந்தனர். அதனை மறைக்கவும் இல்லை. இயக்கர் செல்வங் காப்போர். மரத்திலும் குளத்திலும் உறைவோர். வேண்டுவோர்க்கு வேண்டுவன அளிப்போர். கேட்பார் கேட்கக் கொடுப்பார் கொடுக்கும் உறவு அவர்களோடு உண்டு. இருள்மதி இரவில் அவர்கட்கு விளக்கேற்றும் வழக்கம் சமண வைதிக வேறுபாடின்றி மக்களிடையே வழங்கியிருத்தல் வேண்டும். அவ்விரவின் புலர்காலையிலேயே வீரர் வீடெய்தினார் என்பதனைச் சமணர் போற்றினர்; ஏற்றிய விளக்கு அவர்க்குப் பிறிதொரு பொருள் தந்தது. ஆதலின் தீபாவளியைச் சமணர் தந்தனர் என்பதும், சமணர் பிறரிடமிருந்து கொண்டனர் என்பதும் ஒருங்கே குறையுடைய கூற்றுகளாகின்றன. பொதுவாயிருந்த விளக்கிற்கு ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பொருளைத் தந்தனர் என்பதே சான்றுகளோடு இயைகின்றது. யார் முன்னர் ஏற்றினர் என்னும் வழக்கில் நம்மனோர் காட்டிய ஊக்கத்திற் பாதியையேனும், எதற்காக ஏற்றினர் என்னும் வினாவிற் காட்டியிருப்பின், சமணர் கொள்கையைச் சமணர் விழாவைக் கொண்டே அறிந்திருப்போம்.

எதற்காக ஏற்றினர்? திகம்பரர் பூசையில் நீர், சந்தனம், அரிசி, மலர், அவி, விளக்கு, புகை, கனி என எட்டுப் பொருள்கள் படைக்கப்படும். ஒவ்வொன்றும் படைப்பவன் தன்னிடத்து ஒழிய வேண்டுவதொன்றைக் குறித்தே படைக்கப்படுகின்றது. அவி படைப்பது பசிநோய் நீங்குதற்கு. விளக்கு ஏற்றுவது மோகமாகிய இருள் நீங்குதற்கு. புகை இடுவது எண்வினை எரிதற்கு. கனி வைப்பது வீடாகிய பயன் எய்துதற்கு. எதிரிலுள்ள படிமம் இவற்றுள் எதனையும் ஏற்பதில்லை. முழுதுணர்ந்த பின்னர்த் தீர்த்தங்கரர் உணவே கொள்வதில்லை என்பது திகம்பரர் கோட்பாடு. சுவேதாம்பரரோடு அவர் மாறுபடும் இடங்களுள் இதுவும் ஒன்று. உண்ணாதவர் திருமுன் சோறு வைப்பது ஏன் என்று வினவுவார்க்கு, உண்ணாதவர் ஆதலினாலேயே அவர் திருமுன் வைக்கின்றோம் என்பது விடை. இருளற்றவர் முன் விளக்கேற்றுவதும் இதன் பாற்படும். வீடுபேற்று நாளின் விளக்கு, நாள்தோறும் பூசையில் ஏற்றப்படும் அவ்விளக்கின் விரிவே என்பது எம் துணிபு.

இவ்விடத்து ஒரு தடையும் எழும். விளக்கை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியும் என்று அஞ்சி இரவில் உண்பதனை விலக்கியவர் சமணர். அத்தகையோர் விளக்கையே விழாவாக்கியது எங்ஙனம்? தமிழ்நாட்டுச் சமணர் வழக்கம் இதற்கு ஓரளவு விடையளிக்கின்றது. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களிற் பரவி வாழும் தமிழ்ச் சமணர்க்கு மேல்சித்தாமூர்ச் சினகாஞ்சி மடம் தலைமையிடம். அவர்கள் வீடுபேற்றுப் பூசை செய்வது புலர்காலையில், சினாலயத்தில். இருள் அகன்று ஞாயிறு தோன்றும் பொழுதில் ஏற்றும் விளக்கு அது. இரவு முழுதும் எரிக்கும் விளக்கன்று. உயிர்க்கொலைக்கு அஞ்சி வெடி கொளுத்துதலைத் தவிர்க்க வேண்டும் என்னும் அறிவுரையும் சமணரிடையே வழங்குகின்றது.

இனித் திருவயிரைக்கு மீள்வாம். அங்குப் புதுக்கப்பெற்றோர் பார்சுவ படாரரும் இயக்கி அவ்வைகளும். ஒருவர் எவர்க்கும் எதுவும் அளியாத வீடுபெற்ற தலைவர். மற்றையோர் அளிக்கவல்ல தெய்வங்கள். இருவரையும் புதுக்கியவர் ஒரு துறவியே. இருவர்க்கும் வைத்த முதல் 505 காணம் என்னும் ஒரே முதலே. மெய்யறிவு பேசிய துறவிகள் ஒருபுறமும், வரம் வேண்டிய இல்லறத்தார் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றனர் என்று சமண வரலாற்றை எழுதுவோர்க்கு இக்கல்வெட்டு இடந்தரவில்லை. வடக்கே இயக்கர் இரவும் வீரர் புலர்காலையும் ஒரு நாளில் அடுத்தடுத்து நின்றாற்போலத் தெற்கே இயக்கியும் பார்சுவரும் ஒரு பாறையில் நின்றனர். 'அவ்வை' என்னும் சொல்லும் கருதத்தக்கது. பதுமாவதி என்னும் வடசொற் பெயரைக் கூறாது, தாயைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாற் கல்வெட்டுச் சுட்டுகின்றது. அம்மலைநாட்டு மக்கள் அத்தெய்வத்தை அழைத்த முறை இதுவாதல் கூடும். தென்பாண்டி நாட்டில் இன்று வழங்கும் இசக்கி என்னும் பெயர் இயக்கி என்பதன் திரிபே என்பதனை அறிஞர் பலர் ஒப்புவர். திருவயிரையிலோ இயக்கியின் பெயர் எஞ்சவில்லை.

ஈண்டு ஆராய்ச்சியாளரை மயக்கும் செய்தியொன்று உண்டு. திருவயிரையின் தலைவர் பார்சுவர், வீரர் அல்லர். பார்சுவர் சம்மேத மலையில் வீடெய்தியது சிராவணத் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள் என்பது திகம்பரர் கணக்கு. நம் ஆடி அமாவாசைக்கு மறுநாள், பெரும்பாலும், சிராவண வளர்பிறை தொடங்குகின்றது. ஆகவே இன்று ஐவர்மலையில் மக்கள் கூடும் ஆடி அமாவாசைக்கு ஏழாம் நாள் பார்சுவர் வீடுபேற்று நாளாகின்றது. பழைய சமண விழாவொன்றே ஆடி அமாவாசைக் கூட்டமாக மாறியதென்று எழுதிவிட இவ்வண்மை தூண்டும். இயக்கியின் இடத்திலே திரௌபதி. பார்சுவரின் இடத்திலே பாண்டவர். வீடுபேற்றின் இடத்திலே நீத்தார் கடன் என அடுக்கடுக்காகப் பொருத்தங்களும் காட்டலாம். யாம் அங்ஙனம் எழுதமாட்டோம். ஆடி அமாவாசை தமிழகத்தின் கடற்றுறைகளிலும் ஆற்றங்கரைகளிலும் எங்கும் நிகழ்வது. அதற்குச் சமணக் குன்று வேண்டியதில்லை. ஏழு நாள் என்பதும் ஏழு நாளேயன்றி ஒரு நாளன்று. தீபாவளிக் கருத்தில் ஒரு நாள் இடைவெளியைத் தடையாகக் காட்டிய யாம், இங்கு ஏழு நாள் இடைவெளியைச் சான்றாகக் கொள்ளுதல் நடுவுநிலையாகாது.

மேலும், நீத்தார் கடனும் வீடுபேற்று வழிபாடும் கொள்கையளவில் எதிரெதிரானவை. முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்பவர், இறந்தார்க்கு இருந்தார் செய்வது சென்றடையும் என நம்புகின்றனர். சமணர் அதனை ஒப்புவதில்லை. வினை செய்தவனையே சேரும், பிறன் செய்தது பிறனைச் சேராது என்பது அவர் உறுதி. வீடெய்தினார்க்கோ சேர வேண்டுவது எதுவுமே இல்லை. ஒரு குன்றில் இவ்விரு வழிபாடும் முன்பின்னாக நிகழ்ந்தன எனின், அது தொடர்ச்சியன்று. இடம் ஒன்றாயிருத்தல் மட்டுமே.

கல்வெட்டில் விளக்குக் கூறப்படாமையை எங்ஙனம் கொள்வது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. சமணப் பள்ளிகட்கு விளக்கு வைத்தல் தமிழ்நாட்டில் அரிய செயலன்று. போளூரை அடுத்த திருமலையில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, பெரும்பாணப்பாடியில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை குந்தவை சினாலயத்திற்குத் திருநந்தா விளக்கு வைத்ததனைக் கூறுகின்றது. விளக்கிற்கு 20 காசு; திருவமுதிற்கு 10 காசு. இங்கு விளக்கின் செலவு அமுதின் செலவினும் இருமடங்கு. திருவயிரையிலோ முதல் முழுவதும் அவிக்கும் சோற்றுக்கும் ஆயிற்று. திருமலையில் முதல் வைத்தவர் வணிகர் குடும்பத்துப் பெண். திருவயிரையில் வைத்தவர் துறவி. இவ்வேறுபாட்டைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் இயலாதெனினும், சாந்திவீரக் குரவர் முதற்கண் கருதியது இன்னதென்பது தெளிவு. படிமத்தைப் புதுக்கினாற் போதாது; அதன் அருகே நாள்தோறும் ஒருவர் இருத்தல் வேண்டும். வீரர் மறைந்த நாளிலே கௌதமர் எழுந்தாற்போல, ஆசானுக்குப்பின் ஆசான் இருந்தாலன்றிச் சமணநெறி நில்லாது. குணவீரர் மாணாக்கர் என்று தம்மைக் கூறிக்கொண்ட சாந்திவீரர், தமக்குப்பின் அக்குடைவில் இருக்கப்போகும் பெயர் தெரியா அடிகள் ஒருவர்க்குச் சோறு அமைத்தார். அவ்வடிகள் உண்பது பகலில். அவருடைய சோற்றுக்கு விளக்கு வேண்டுவதில்லை.